மாடித் தகரக் கொட்டகை காற்றுக்குத் தாங்குமா?

திருமங்கலத்துக்காரன்:
போன சித்திரையில் அடித்த சூறைக்காற்றில் மாடிக் கொட்டகையின் தகரம் ஒன்று பிய்ந்து, அடுத்த தெரு வேப்பமரத்தில் போய்த் தொங்கியது. ஐப்பசி மழைக்குள் என்ன செய்து வைக்கலாம்? ஆஸ்பெஸ்டாஸுக்கு மாறினால் தேவலையா?

மேலூர் வெல்டர்:
தம்பி, ஆஸ்பெஸ்டாஸ் உடையும், அதன் தூசி நுரையீரலுக்கும் ஆகாது. காற்று தகரத்தை மேலிருந்து அழுத்துவதில்லை, ஓரத்தில் அடியில் புகுந்து தூக்குகிறது, அதனால் ஓர வரிசையில் ஒவ்வொரு மடிப்பு மேட்டிலும் ஜே போல்ட் (கொக்கி போல் வளைந்த போல்ட்) போடுங்கள். ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும், விரலால் நிமிண்டிப் பாருங்கள், உதிர்ந்தால் மாற்ற வேண்டியதுதான். கல் தூக்கி வைக்கிற வேலை மட்டும் வேண்டாம், அதுவும் சேர்ந்து பறக்கும்.

செல்லூர் அக்கா:
எங்களுக்குக் காற்றைவிடத் தண்ணீர்தான் பயம். 2024 அக்டோபரில் மதுரையில் எங்கள் செல்லூர் பகுதியில் வெள்ளம் புகுந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து ஃப்ரிட்ஜ் செங்கல் மேல்தான் நிற்கிறது, பத்திரமும் ரேஷன் கார்டும் பரணில். தண்ணீர் ஏறினால் முதலில் மெயினை அணைத்துவிடுங்கள். அப்புறம், மாடித் தண்ணீர் இறங்கும் வாயில் சருகு அடைத்திருக்கிறதா என்று வாரம் ஒரு தடவை பாருங்கள்.

திருமங்கலத்துக்காரன்:
சரி அண்ணே, ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்க்கிறேன். தண்ணீர் டேங்க்?

மேலூர் வெல்டர்:
நிரப்பியே வையுங்கள். காலி டேங்க் உருண்டுவிடும். முருங்கை இருந்தால் கிளையைக் கழித்துவிடுங்கள், படக்கென்று முறியும் மரம் அது.