வெளிநாட்டு வேலைக்கு முன் ‘கலாசார வகுப்பு’: தேவையா, வெட்டிச் செலவா?

ஓசூர்_டூல்ரூம்: எங்கள் சிப்காட் கம்பெனியில் ஜப்பானுக்கு ஆள் அனுப்பும் முன் ஓட்டல் ஹாலில் இரண்டு நாள் வகுப்பு. எவ்வளவு குனிய வேண்டும், விசிட்டிங் கார்டை இரண்டு கையால் வாங்க வேண்டும், குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தக் கூடாது. வெட்டிச் செலவு. அந்தப் பணத்தில் மொழி கற்றுக்கொடுக்கலாம்.

பாகலூர்_ரோடு: வகுப்பு மட்டம் என்றால் விஷயமே மட்டமா? குனிவதை யாரும் அளக்கப் போவதில்லை. உற்பத்தி லைனில் பிழை வந்தால்? நம் ஆள் தானே சரிசெய்துவிட்டு, அப்புறம்தான் சூப்பர்வைசரிடம் வாய் திறப்பான். இங்கே அதற்குப் பேர் கெட்டிக்காரத்தனம். டொயோட்டா முறையில் சந்தேகம் வந்த உடனே கயிற்றை இழுத்து ஆளைக் கூப்பிட வேண்டும். தேவைப்பட்டால் லைனே நிற்கும். மொழி வகுப்பில் இதெல்லாம் வராது.

ஓசூர்_டூல்ரூம்: அது வேலைமுறை. போய்வந்த சீனியர் டீக்கடையில் சொல்லிவிடுவார், பவர்பாயின்ட் எதற்கு?

பாகலூர்_ரோடு: சரி, அந்த சீனியருக்கே காசு கொடுத்து வகுப்பெடுக்கச் சொல்லுங்கள்.

பென்னாகரத்தான்: கம்பெனி செலவில் பறக்கிறவர்களைப் பற்றியே பேசுகிறீர்களே! எங்கள் பக்கம் பெங்களூரும் திருப்பூரும்தான் தூரதேசம் என்ற காலம் போய்விட்டது. சென்ட்ரிங் வேலைக்குத் துபாய் போகிறவனுக்கு யார் சொல்வது? ஈசிஆர் பாஸ்போர்ட்காரர்களுக்காக, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் முன் அனுமதி வாங்க வேண்டியவர்களுக்காக, வெளியுறவுத் துறையின் ஒரு நாள் வகுப்பு 2018 முதல் இருக்கிறது. பத்தாவது பாஸ் செய்தவனுக்கு ஈசிஆர் கிடையாது, அவனை அந்த வகுப்புக்குக் கூப்பிடவும் ஆளில்லை. படித்ததற்குத் தண்டனை! அம்மா மசாலாவோடு கசகசா கட்டிக் கொடுத்தால் அங்கே போதைப்பொருள் கணக்கு. வலிக்கு எடுக்கும் டிரமடால் மாத்திரையிலும் சிக்கல்தான். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது. அங்கேயே உள்ள சட்டம் இது.

ஓசூர்_டூல்ரூம்: இதற்கு வகுப்பு வையுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். ஆனால் இது சட்டம் அண்ணே, கலாசாரம் இல்லை.

பாகலூர்_ரோடு: மதியம் 1 மணிக்கு ஃபோர்மேன் சாரத்தில் ஏறச் சொன்னால்? அவர் மலையாளியாக இருக்கலாம், பாகிஸ்தானியாக இருக்கலாம், எகிப்துக்காரராக இருக்கலாம். சண்டையாகாமல் எப்படி மறுப்பது, அவர் கேட்காவிட்டால் யாரிடம் போவது? சட்டத்தைப் படித்துக் காட்டினால் மட்டும் இது வந்துவிடாது.

பென்னாகரத்தான்: எதை வைத்தாலும் பென்னாகரத்திலோ அரூரிலோ ஞாயிற்றுக்கிழமை வையுங்கள் தம்பி. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஓசூர் ஓட்டலுக்கு எங்கள் ஆட்கள் வர மாட்டார்கள்.