மீனுக்குப் பதில் மாத்திரை: உங்கள் வீட்டில் எப்படி?

அம்மாவுக்கு 71 வயது. பல் செட் வைத்த பிறகு முள்ளுக்குப் பயந்து மீனையே விட்டுவிட்டார். கொஞ்ச நாளில் மறதி வந்தது. அடுப்பை அணைத்தோமா என்று இரவில் மூன்று முறை எழுந்து போய்ப் பார்ப்பார். மூளைக்கு நல்லதென்று நான்தான் மீன் எண்ணெய் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். எட்டு மாதம் ஒரு நாள் விடாமல் விழுங்கினார். மறதி குறையவில்லை, பாதம் வேறு மரத்துப்போகிறது என்றார்.

நரம்பு மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். நரம்புக்கும் நினைவுக்கும் தேவையான வைட்டமின் பி12 மிகக் குறைவு. "மீன் சாப்பிடுவதில்லை, அதற்குப் பதில்தான் மாத்திரை கொடுக்கிறோமே" என்றேன். அவர் டப்பாவைத் திருப்பிக் காட்டினார். முன்பக்கம் பெரிய எழுத்தில் 1000 மி.கி. பின்பக்கம் பொடி எழுத்தில், மூளைக்கு நல்லதென்று சொல்லப்படும் ஒமேகா-3 கொழுப்புகளான இபிஏ 180, டிஹெச்ஏ 120. அதாவது ஒமேகா-3 என்று கிடைப்பது 300 மி.கி.தான். மீனோடு சேர்ந்து வரும் பி12, செலினியம், புரதம் எதுவும் அதில் கிடையாது. வயதாக ஆக வயிறு பி12-ஐ உறிஞ்சுவதும் குறையும், அதனால் மீனை நிறுத்தியது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது என்றும் விளக்கினார். ஆனால் மாத்திரை கொடுக்கிறோம் என்ற நிம்மதியில் எட்டு மாதம் பரிசோதனைக்கே போகாமல் இருந்தது என் தவறுதான். இன்னும் மனது கேட்கவில்லை.

அப்புறம் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் கண் நோய் உள்ள முதியவர்களிடம் ஐந்து ஆண்டுகள் நடந்த ஏரெட்ஸ்-2 ஆய்வில் நினைவாற்றலையும் சோதித்திருக்கிறார்கள். 2015-ல் வந்த முடிவு: ஒமேகா-3 மாத்திரையால் பலன் தெரியவில்லை.

இப்போது அம்மாவுக்கு பி12 ஊசி போடுகிறோம். வாரம் இரண்டு நாள் மத்தி. சதையை விரலால் நசுக்கி, முள் தட்டுப்படுகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தட்டில் வைக்கிறேன். அடுப்பைப் பார்க்க எழுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. அது ஊசியின் வேலை என்றே நினைக்கிறேன்.

*

உங்கள் பதிவைப் படித்து எழுதுகிறேன். எங்கள் அப்பா இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர். பல் பிடுங்கப் போனபோது, வேறு என்ன எடுக்கிறீர்கள் என்று துருவிக் கேட்டார்கள். மீன் எண்ணெயை மருந்தாகவே நினைக்காததால் அதுவரை எந்த மருத்துவரிடமும் சொன்னதில்லை. அதிக அளவில் எடுத்தால் இரத்தக் கசிவு கூடலாம் என்று அன்றுதான் தெரிந்தது. தயவுசெய்து மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

*

நான் மீன் சாப்பிடுவதில்லை. மீனுக்கே டிஹெச்ஏ கடல் பாசியிலிருந்துதான் போய்ச் சேருகிறது என்பதால் பாசி எண்ணெய் எடுக்கிறேன். ஞாபகசக்தி கூடியதா என்று கேட்டால், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உங்கள் பதிவைப் படித்ததும் பி12 பார்க்க நாளைக்கே இரத்தம் கொடுக்கப் போகிறேன்.