ரீபூட் என்பதற்கு ‘கவாத்து’: ஒரு முன்மொழிவு

குழுவினருக்கு வணக்கம்.

மீநாயகப் (சூப்பர்ஹீரோ) படங்களுக்காக நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் ‘ரீபூட்’ மட்டும் இன்னும் இழுபறியில் நிற்கிறது. பழைய படங்களின் தொடர்ச்சியை விட்டுவிட்டு ஒரு பாத்திரத்தின் கதையைப் புதிதாக ஆரம்பிப்பதுதான் ரீபூட். இதுவரை வந்தவை மறுதொடக்கம், மீட்டுருவாக்கம், மறுபிறப்பு. மூன்றையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். ‘சூப்பர்மேன் மறுதொடக்கம்’ என்று எழுதிக் காட்டியதும், நின்றுபோன படப்பிடிப்பு மறுபடி ஆரம்பித்திருக்கிறது என்றுதான் என் தங்கை புரிந்துகொண்டாள். மீட்டுருவாக்கம் இடிந்த கோபுரத்துக்குப் பொருந்தும். மறுபிறப்பு என்றால் கதைக்குள்ளேயே யாரோ செத்துப் பிறந்ததாக ஆகிவிடும். இந்தக் கதைகளில் செத்தவர்கள் திரும்பி வருவதும் உண்டு என்பதால் குழப்பம் இன்னும் கூடும்.

ஆங்கிலச் சொல்லே கணினியிலிருந்து சினிமாவுக்கு வந்தது. கணினிக்கு அது காலணி வாரிலிருந்து வந்தது: தன் காலணி வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற பேச்சுவழக்கு. அவர்கள் காலில் கிடந்ததை எடுத்தார்கள். நாம் அவர்கள் கணினியைப் பார்த்து மொழிபெயர்ப்பதைவிட, நம் காலடியில் கிடப்பதை எடுக்கலாமே என்று தோன்றியது. கோத்தகிரியில் எங்கள் காலடியில் கிடப்பது தேயிலை.

எங்கள் வீட்டுக்கு ஒன்றரை ஏக்கர். தேயிலையை வெட்டாமல் விட்டால் மரமாகிவிடும், கொழுந்து கைக்கு எட்டாது. அதனால் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்கிறோம். செடியை முழங்கால் உயரத்துக்கோ இன்னும் கீழேயோ வெட்டிவிடுவோம். மறுநாள் தோட்டத்தைப் பார்த்தால் வயிறு கலங்கும். பச்சை என்று ஒன்றுமே இருக்காது, குச்சிக் காடு. சில வாரங்களில் அந்தக் குச்சியெங்கும் மொட்டு வெடிக்கும். வேர் பழையது, தண்டு பழையது, கொழுந்து புதியது. அடியோடு பிடுங்கிவிட்டு நாற்று வைத்தால் அதற்குப் பெயர் மறுநடவு. ‘ரீமேக்’குக்கும் ‘ரீபூட்’டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இங்கேதான் பார்க்கிறேன். ரீமேக் ஒரு குறிப்பிட்ட படத்தையே மறுபடி நட்டு வளர்ப்பது. ரீபூட்டில் பழைய படங்களின் கதைத் தொடர்ச்சியை வெட்டிவிடுகிறார்கள், பாத்திரத்தின் வேரை வைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு விஷயம். எப்போது வேண்டுமானாலும் வெட்டிவிட முடியாது. இலை இல்லாத செடி வேரில் சேர்த்துவைத்த மாவுச்சத்தைக் கொண்டுதான் துளிர்க்க வேண்டும். அதனால் வெட்டுவதற்கு முன் வேரில் ஒரு துண்டு எடுத்து அயோடின் விட்டுப் பார்ப்பார்கள். கருநீலமாக மாறினால் சத்து இருக்கிறது, வெட்டலாம். இல்லையென்றால் செடியைக் கொஞ்சநாள் கொழுந்து எடுக்காமல் ஓய்வில் விட வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு படங்களைப் பார்க்கிறேன். 1997க்குப் பிறகு பேட்மேனை எட்டு ஆண்டு சும்மா விட்டார்கள். 2005ல் இயக்குநர் நோலன் கைக்கு வந்தபோது வேர் நிறையச் சத்து இருந்தது. ஸ்பைடர்மேன் கதை வேறு. இயக்குநர் சாம் ரைமியின் மூன்றாவது படம் 2007ல் வந்தது. ஐந்தே ஆண்டில், 2012ல், மறுபடி அதே பள்ளிக்கூடம், அதே சிலந்திக்கடி, அதே சித்தப்பா சாவு. ஆண்ட்ரூ கார்ஃபீல்டு எனக்குப் பிடித்த நடிகர், அவர்மேல் குறை இல்லை. வேர் தேறுவதற்குள் வெட்டிவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம். 2017ல் டாம் ஹாலண்டை வைத்து எடுத்தவர்கள் சித்தப்பா சாவைக் காட்டவே இல்லை. அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

ஃபென்டாஸ்டிக் ஃபோர் இன்னும் தெளிவான உதாரணம். 2005, 2015 இரண்டிலும் நான்கு பேருக்கும் சக்தி எப்படி வந்தது என்பதிலிருந்தே தொடங்கினார்கள். 2015ல் அதற்கே பாதிப் படத்துக்கு மேல் போய்விட்டது. அவர்கள் ஒரு குடும்பமாக நம் மனதில் உட்காரவே நேரம் கிடைக்கவில்லை. 2025ல் வந்த படத்திலோ நால்வரும் சக்தி பெற்று நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. பழைய கதையை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியாகச் சில நிமிடங்களில் சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுகிறார்கள். அதே ஆண்டு சூப்பர்மேனில் அவன் பிறந்த கிரகமான கிரிப்டான் வெடிப்பதைக் காட்டவே இல்லை. திரையில் சில வரிகள் ஓடுகின்றன: முப்பது ஆண்டுக்கு முன் ஒரு குழந்தை வந்தது, மூன்று ஆண்டுக்கு முன் அவன் தன்னை வெளிப்படுத்திக்கொண்டான், மூன்று நிமிடத்துக்கு முன் முதன்முறையாகத் தோற்றான். உடனே பனியில் வந்து விழுகிறான். அந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 2005ல் வெளிவரத் தொடங்கிய ‘ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்’ வரைகதையில் இதையே ஒரு பக்கத்தில் நான்கு கட்டங்களில் முடித்திருப்பார்கள். 1938லிருந்து உலகத்துக்கே தெரிந்த கதை. பாரதக் கூத்தில் பாஞ்சாலி நெருப்பில் பிறந்ததிலிருந்தா ஒவ்வோர் இரவும் ஆரம்பிக்கிறார்கள்? துகில் உரியும் இடத்துக்கு நேராகப் போகலாம், ஊருக்கு மிச்சம் தெரியும்.

ஆகவே என் முன்மொழிவு: ரீபூட் = கவாத்து. ‘2025ல் சூப்பர்மேனைக் கவாத்து செய்தார்கள்.’ குறைகளைச் சொல்லுங்கள்.

கோத்தகிரியிலிருந்து

*

அன்புள்ள தம்பிக்கு,

மடலை இரண்டு முறை படித்தேன். தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் காப்பி. அறுவடை முடிந்து மழை வரும் முன் நாங்களும் கவாத்துதான் செய்கிறோம், அதே சொல்தான். பழனி மலைக்கும் நீலகிரிக்கும் பொதுவான சொல் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனாலும் சொல்ல வேண்டியவை மூன்று உண்டு.

முதலாவது, கீழே சமவெளியில் ‘கவாத்து’ என்றால் காவலர் மைதானத்தில் நடக்கும் அணிப்பயிற்சி. உருது வழியாக வந்த சொல். திண்டுக்கல்லில் உள்ள என் மகனிடம் ‘சூப்பர்மேன் கவாத்து’ என்றேன், ‘சூப்பர்மேன் போலீஸில் சேர்ந்துவிட்டாரா?’ என்று கேட்டான்.

இரண்டாவதுதான் பெரியது. சினிமாவில் ‘வெட்டு’ என்றாலே தணிக்கை நினைவுக்கு வரும். ‘கவாத்து செய்யப்பட்ட படம்’ என்று ஒரு விமர்சனத்தில் எழுதினால், தணிக்கையில் இருபது நிமிடம் போன படம் என்றுதான் வாசகர் நினைப்பார். நீங்கள் சொல்ல வந்தது வெட்டை அல்ல, வெட்டுக்குப் பின் வருவதை. சொல்லில் அது இல்லையே. அதனால் ‘மறுதளிர்ப்பு’ என்பதை முன்வைக்கிறேன். எல்லாத் தமிழருக்கும் விளங்கும், கேட்கவும் நன்றாக இருக்கிறது.

மூன்றாவது தடையல்ல, ஒரு சேர்க்கை. காப்பியில் கவாத்துக்குப் பிறகு ஒரு வேலை உண்டு. வெட்டிய இடத்திலிருந்து ஏகப்பட்ட இளங்கிளைகள் நேராகக் கிளம்பும். எல்லாவற்றையும் விட்டால் செடி அடர்ந்து காய் பிடிக்காது, உருவிவிட வேண்டும். 2021லிருந்து மார்வெல் ஓடிடியில் விட்ட தொடர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த உருவாத செடிதான் ஞாபகம் வருகிறது. 2023ல் ‘தி மார்வெல்ஸ்’ பார்க்கப் போனேன். மூன்று நாயகிகளில் இருவரை அந்தத் தொடர்களைப் பார்த்தவர்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியும். என் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து காதோரம் விளக்கிக்கொண்டே வந்தாள். அந்தப் பெண்கள் நன்றாக நடித்திருந்தார்கள் என்பதால்தான் இவ்வளவு வருத்தம். ஒரு கதையின் பாத்திரத்தைப் பிரித்தெடுத்துத் தனிக்கதையாக்கும் ‘ஸ்பின்-ஆஃப்’ வரிசைக்கு வரும்போது ‘பக்கத்தளிர்’ என்பதைக் கருதிப் பாருங்கள்.

தாண்டிக்குடியிலிருந்து

*

இருவருக்கும் வணக்கம். ஊட்டியிலிருந்து ஒரு சின்னக் குறிப்பு மட்டும். மறுதளிர்ப்பு பெயர்ச்சொல்லாக அழகு. வினையாக்கிப் பாருங்கள்: ‘2012ல் ஸ்பைடர்மேனை மறுதளிர்ப்பித்தார்கள்.’ நாக்கு தடுக்குகிறது. தளிர்ப்பது செடி தானாகச் செய்வது, படநிறுவனம் செய்வது அல்ல. ‘மறுகொழுந்து’ என்று நானே முன்பு யோசித்தேன், உச்சரித்தால் பூக்கடை மரிக்கொழுந்தாகக் கேட்கிறது. அதனால் விட்டுவிட்டேன். தம்பியின் ‘கவாத்து செய்’ வினையாக நன்றாகவே ஓடுகிறது.

*

தாண்டிக்குடி ஐயாவுக்கும் ஊட்டி அக்காவுக்கும் நன்றி.

ஐயா, தணிக்கைத் தடையை நான் யோசிக்கவே இல்லை. அது நியாயம், ஏற்றுக்கொள்கிறேன். அக்கா சொன்னதை அதோடு வைத்துப் பார்த்ததும் எனக்கு வேறு ஒன்று பிடிபட்டது. ஒரே சொல் வேண்டும் என்று நான் அடம் பிடித்ததுதான் தவறு. ஆங்கிலம் இரண்டு விஷயத்தை ஒரே சொல்லில் கட்டிவைத்திருக்கிறது. வெட்டுவது நிறுவனத்தின் முடிவு. தளிர்ப்பது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். தோட்டத்தில் நாங்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதே இல்லை. ‘கவாத்து ஆயிடுச்சு, தளிர் வந்துச்சா?’ என்பதுதான் பக்கத்துத் தோட்டக்காரர் கேட்கும் கேள்வி.

எனவே: வினைக்கு ‘கவாத்து செய்’, விளைவுக்கு ‘மறுதளிர்ப்பு’, அப்படி வந்த படத்துக்கு ‘மறுதளிர்ப் படம்’. வாக்கியத்தில் வைத்தேன். ‘2015ல் ஃபென்டாஸ்டிக் ஃபோரைக் கவாத்து செய்தார்கள், மறுதளிர்ப்பு வரவில்லை. 2025ல் வந்தது.’ ஆங்கிலத்தில் இதைச் சொல்லச் சுற்றி வளைக்க வேண்டும். தணிக்கைக் குழப்பமும் இங்கே வராது, கவாத்துக்குப் பக்கத்திலேயே தளிர் நிற்கிறது. அணிப்பயிற்சிப் பொருள் ஒரு கட்டுரையைப் படிக்கத் தொடங்கிய இரண்டாவது வரியில் விலகிவிடும் என்று நம்புகிறேன். ‘சுட்டி’ என்றால் குறும்புப் பிள்ளை என்றுதான் ஒருகாலத்தில் எல்லாரும் நினைத்தோம், இன்று மவுஸையும் நினைக்கிறோம்.

ஐயாவின் பக்கத்தளிர் எனக்கு உடன்பாடு. அப்புறம், இன்னொரு சொல்லும் வேண்டும். கவாத்து செய்யும்போது சில சமயம் இலையோடு ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் விடுவோம். புதுத் தளிர் வரும்வரை செடிக்கு அதுதான் மூச்சு. படங்களிலும் இப்படி விடுகிறார்கள். ஜே. கே. சிம்மன்ஸ் 2002லிருந்து ரைமி படங்களில் பத்திரிகை ஆசிரியர் ஜேம்சனாக வந்தவர். நடுவில் எல்லாம் மாறியும், 2019ல் டாம் ஹாலண்டு படத்தின் முடிவில் அதே வேடத்தில் அவரே வந்து நின்றார். 2025 சூப்பர்மேனில் ஜான் வில்லியம்ஸின் 1978 இசை புதுக் கோலத்தில் ஒலிக்கிறது. அதைக் கேட்டதும் புதுமுக நாயகனை மனம் உடனே ஏற்றுக்கொண்டது. இந்த விட்டுவைத்த அம்சத்துக்கு ‘மூச்சுக்கிளை’ என்று பெயர் வைக்கலாமா?

இனி 2025 சூப்பர்மேனைப் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

அதில் கிரிப்டான் பெற்றோர் அனுப்பிய செய்தியின் பிற்பாதி, பூமியை ஆளச் சொல்லும் கட்டளையாக மாறுகிறது. ‘வேரையே வெட்டிவிட்டார்கள்’ என்று என் நண்பர்கள் பலர் கோபப்பட்டார்கள். எனக்கும் முதலில் சுருக்கென்றது. ஆனால் வீடு திரும்பும்போது, மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சூப்பர்மேனின் வேர் கிரிப்டானிலா இருக்கிறது? கான்சஸில் கென்ட் என்ற ஒரு விவசாயத் தம்பதி அந்தக் குழந்தையை எடுத்து வளர்த்ததில்தானே இருக்கிறது? முடிவில் அவன் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்ப்பது அந்த வளர்ப்புப் பெற்றோரோடு இருந்த பழைய வீடியோக்களைத்தான். கிரிப்டான் எத்தனையோ முறை வெட்டி வளர்ந்த கிளை. கென்ட் தம்பதியை வெட்டியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். கவாத்தா, வேரறுப்பா என்ற வாதத்தைத் தமிழில் நடத்த இந்தச் சொற்கள் எனக்கு உதவின. அதனால்தான் இவற்றுக்காக இவ்வளவு பேசுகிறேன்.

ஆட்சேபம் இல்லையென்றால் கவாத்து, மறுதளிர்ப்பு, பக்கத்தளிர், மூச்சுக்கிளை நான்கையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். பல உலகங்கள் இணையாக இருப்பதாகச் சொல்லும் ‘மல்டிவர்ஸ்’ பற்றிய என் குறிப்பைத் தனி இழையில் போடுகிறேன். பல்லண்டமா, பன்னண்டமா என்பதில் புணர்ச்சி விதியை ஐயாதான் தீர்த்துவைக்க வேண்டும்.

கோத்தகிரியிலிருந்து