18 வயதுக்கு முன்பே மின்சார மீட்டரைப் பார்க்கக் கற்றுக் கொடுங்கள்

பெற்றோர் துணையின்றி வந்து புகலிடம் கோரிய பதின்ம வயதினர் தங்கும் இல்லமொன்றில், தெற்கு லண்டனில், ஆதரவுப் பணியாளராக இருக்கிறேன். சூடான், எரித்திரியா, ஆப்கானிஸ்தான் நாட்டுப் பையன்களே இங்கு அதிகம். தனி வாழ்க்கைக்குத் தயார்ப்படுத்துவது என்றால் சமையலும் துணி துவைப்பதும் சொல்லிக் கொடுப்பதுதான் என்று புதிதாக வேலைக்கு வருபவர்கள் எண்ணுகிறார்கள். லிபியாவைக் கடந்து, பிரான்ஸின் கலே துறைமுக நகரில் கூடாரத்தில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வந்தவனுக்குச் சோறு வடிக்க நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. அவனைத் திணற வைப்பது கடிதங்களாலும் கெடு தேதிகளாலும் நடக்கும் இந்த நாட்டு நிர்வாகம்தான்.

அகதி அந்தஸ்து கிடைத்துத் தனி ஃபிளாட்டுக்குக் குடிபோன சூடானியப் பையன் ஒருவன் ஒரு நாள் மாலை தொலைபேசியில் அழைத்தான். அவன் ஃபிளாட்டில் இருப்பது முன்பணம் கட்டினால்தான் மின்சாரம் தரும் மீட்டர்; கடையில் அதன் சாவியில் பத்து பவுண்டு ஏற்றியும், சாவியைச் செருகியதும் இரண்டு பவுண்டுதான் காட்டுகிறது என்றும், கடைக்காரர் தன்னை ஏமாற்றிவிட்டார் என்றும் கொதித்துப் போயிருந்தான். நேரில் போனபோது விளக்கைக்கூடப் போடாமல் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தான். பணம் தீர்ந்தபோது மீட்டர் கொடுத்த அவசரக் கடனும், மின்சாரம் பயன்படுத்தாத நாளிலும் ஏறிக்கொண்டே போகும் தினசரி நிலைக்கட்டணமும் அந்தப் பத்து பவுண்டிலிருந்து கழிந்திருந்தன. பொத்தானை அழுத்தி ஒவ்வொரு திரையாகக் காட்டிய பிறகே அவன் கோபம் தணிந்தது. எங்கள் இல்லத்தில் மின்கட்டணத்தை நிர்வாகமே கட்டிவிடுவதால், அவன் அதுவரை மீட்டர் என்ற ஒன்றைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. இப்போது அரபி தெரிந்த 17 வயதுப் பையன்களை அவனுடைய ஃபிளாட்டுக்கே அழைத்துப் போகிறேன்; நான் சொல்வதைவிட அவன் அரபியில் சொல்வது அவர்கள் மனத்தில் நன்றாகப் பதிகிறது.

சட்டத்தில் என்னை மிகவும் வருத்துவது 13 வார விதி. 14 வயதுக்குப் பிறகு மொத்தம் 13 வாரமாவது கவுன்சிலின் (உள்ளாட்சி நிர்வாகத்தின்) பராமரிப்பில் இருந்து, அதில் ஒரு பகுதி 16 வயதைத் தாண்டியும் அமைந்திருந்தால்தான், வெளியேறும்போது முழு உரிமைகளும் கிடைக்கும்: 25 வயது வரை தனி ஆலோசகர், எழுத்தில் ஒரு வாழ்க்கைத் திட்டம், வீட்டுச் சாமான் வாங்க 2023 முதல் 3,000 பவுண்டு வரை உயர்த்தப்பட்ட தொகை. பதினேழே முக்கால் வயதைத் தாண்டி வந்து சேர்ந்தவனுக்கு இவற்றில் சிறு பங்குகூட உறுதியில்லை. உண்மையிலேயே 18 வயதுக்குக் கீழ்தானா என்ற வயதுச் சர்ச்சையில் வாரங்கள் கரைந்துபோனவர்கள் நிலைமையும் இதேதான். ஆகவே பராமரிப்பு தொடங்கிய தேதி கோப்பில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்பதை முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

புகலிட முடிவு வராமலே 18 ஆகிவிடுபவர்களின் பாடு இன்னும் கடினம். விண்ணப்பம் 12 மாதம் நிலுவையில் கிடந்தால்தான் வேலை அனுமதி கேட்கவே முடியும். கிடைத்தாலும் குறிப்பிட்ட சில தொழில்களுக்கு மட்டும்தான். பகலில் கல்லூரி ஆங்கில வகுப்பு இருப்பதால் சமாளித்துவிடுகிறார்கள், கோடை விடுமுறையில்தான் உடைந்து போகிறார்கள்.

தனியார் வீட்டு உரிமையாளர்கள் வாடகைக்கு உத்தரவாதம் தர ஆள் கேட்கும்போது, கவுன்சிலே அந்தப் பொறுப்பை ஏற்கச் செய்தவர்கள் இங்கு யாரேனும் இருந்தால், எந்தக் கட்டத்தில், யாரிடம் எழுதிக் கேட்டீர்கள் என்று பகிருங்கள். அடுத்து வெளியேறவிருக்கும் இரண்டு பையன்களுக்கு அது உடனே பயன்படும்.