ஓட்டு வீட்டு மச்சில் இரண்டு கம்ப்யூட்டர் வைக்கலாமா?

பக்கம் கட்டுபவள்

வணக்கம். நாகர்கோவிலிலிருந்து தக்கலை போகிற வழியில் எங்கள் வீடு. தாத்தா 1961-ல் கட்டிய ஓட்டு வீடு. பதினோரு வருடமாக வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். இரண்டு டெஸ்க்டாப், மூன்று மானிட்டர், ஒரு லேசர் பிரிண்டர். இதுவரை எல்லாம் முன்னறையில் இருந்தன. போன மாதம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. கழிப்பறை பக்கத்தில் இருப்பதால் அம்மாவுக்குக் கட்டில் போட முன்னறையை விட்டால் வேறு இடமில்லை. அதனால் என் வேலையை மச்சுக்குக் கொண்டு போகலாம் என்று இருக்கிறேன்.

மச்சு 18 அடி நீளம், 11 அடி அகலம். நடு முகட்டில் எட்டரை அடி உயரம், இரண்டு ஓரத்திலும் சரிந்து மூன்றடிக்கு வந்துவிடும். தரை அயினி மரப் பலகை, கீழே நான்கு உத்திரம். மேலே மங்களூர் ஓடு. ஓட்டுக்கு அடியில் ஒன்றும் கிடையாது, பகலில் இடுக்கு வழியே ஊசி ஊசியாக வெளிச்சம் தெரியும். இரண்டு முக்கோணச் சுவரிலும் ஒவ்வொரு சின்ன ஜன்னல்.

ஒரு வாரமாக அங்கே தெர்மாமீட்டர் தொங்கவிட்டுக் குறித்து வைத்தேன். மதியம் 2 மணிக்கு 41 டிகிரி. ராத்திரி 9 மணிக்கு 31. சோதித்துப் பார்க்க ஒரு பழைய மேசையையும் கீபோர்டையும் மேலே வைத்திருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் சாவிகளுக்கு நடுவே மஞ்சளாக, கடலை மாவு சலித்தது மாதிரி மெல்லிய தூள். துடைத்தால் மறுநாளும் அதே தூள்.

சீலிங் போடுகிறவர் ஒருவர் வந்து பார்த்தார். தெர்மோகோல் சீலிங் அடித்து ஒன்றரை டன் ஏசி போட்டால்தான் ஆகும், ஒரு லட்சத்துக்கு மேல் வரும் என்கிறார். அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பிறகு அவ்வளவு பணம் என்னிடம் இல்லை. அத்தனை பணம் போடாமல் இதைச் செய்ய முடியுமா? மெஷின்கள் அந்தச் சூட்டைத் தாங்குமா? பலகை பாரம் தாங்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லை வயரிங்

அக்கா, கரண்ட் விஷயம் மட்டும் நான் சொல்கிறேன்.

மச்சில் இப்போது ஒரு பல்புக்குப் போன பழைய வயர்தான் இருக்கும். அதிலிருந்து ஒன்றையும் எடுக்காதீர்கள். மெயின் போர்டிலிருந்தே தனி எம்சிபி (லோடு கூடினால் தானே விழும் சுவிட்ச்) வைத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் எர்த்தோடு புது லைன் இழுக்கச் சொல்லுங்கள். முழுக்க மரம் என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்தும் சுவிட்ச், கட்டாயம் வேண்டும். வேலை முடிந்ததும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் குழியைக் கவனிக்க வேண்டும். மச்சுக்கான மொத்த கரண்டையும் நிறுத்த ஒரு சுவிட்ச் படிக்கட்டு அடியில் இருக்கட்டும். ராத்திரி இறங்கியதும் அதைத் தட்டிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

யூபிஎஸ்ஸை மேலே ஏற்றவே ஏற்றாதீர்கள். அதற்குள் இருப்பது லெட் ஆசிட் பேட்டரி. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகக் குறையும். லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்டவும் கூடாது. உள்ளே உருளை சூடேறும் நேரத்தில் ஆயிரம் வாட் வரை சட்டென்று இழுக்கும். உங்கள் சின்ன யூபிஎஸ் அதைத் தாங்காது.

கட்டுமானம் தெரிந்தவன்

வீடுகளில் ஒரு அறையின் தரைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று கணக்கு வைப்பது வழக்கம். ஒரு சதுர அடிக்கு 18 கிலோ சொச்சம். நீங்களும் மேசையும் மெஷினும் சேர்ந்தால்கூட அந்தக் கணக்குக்கு எவ்வளவோ கீழேதான். உங்கள் பக்கத்து மச்சுகளில் அந்தக் காலத்தில் தேங்காயும் நெல்லும் வெண்கலப் பாத்திரமும் அடுக்கி வைத்திருப்பார்கள்.

ஆனால் மரம் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் ஏறாதீர்கள். நடுவில் நன்றாகத்தான் தெரியும், கரையான் சுவருக்குள் போகும் முனையில்தான் ஏறியிருக்கும். நான்கு உத்திரத்தின் இரண்டு முனைகளையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்துங்கள். அரை அங்குலம் உள்ளே போனால் முதலில் ஆசாரியைக் கூப்பிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. மேசையை இரண்டு உத்திரத்துக்கு நடுவில் போடாமல், ஓர் உத்திரத்துக்கு நேர் மேலே கால் வருகிற மாதிரி போடுங்கள்.

தேங்காய்ப்பட்டணத்துக்காரன்

நானும் 2016-ல் எங்கள் வீட்டு மச்சை இப்படி மாற்றினேன். முதல் வருடம் செய்ததெல்லாம் தப்பு. தெர்மோகோல் அடித்தேன். ஆறே மாதத்தில் அணில் குடைந்து வெள்ளை உருண்டைகளாகக் கொட்டிவிட்டது. அது எளிதில் தீப்பிடிக்கிற சாமான் என்பதும் பிறகுதான் உறைத்தது. பிரித்துப் போட்டேன். நீங்கள் அதை வாங்கவே வேண்டாம். ஏசியும் வேண்டாம். ஓட்டு இடுக்கு முழுக்கத் திறந்து கிடக்கிற இடத்தில் குளிர்ந்த காற்று நிற்காது.

முதலில் ஒன்று சொல்கிறேன், இதுதான் முக்கியம். சிபியூக்களை மச்சுக்கு ஏற்றவே வேண்டாம். நீங்கள் ஏறுங்கள், மானிட்டரும் கீபோர்டும் மவுஸும் ஏறட்டும். சூடு கக்குவது பெட்டிதான். இரண்டு பெட்டி சேர்ந்து 300 வாட் இழுத்தால் அந்த 300 வாட்டும் கடைசியில் அறைச் சூடாகத்தான் மாறும். மூன்று பழைய நூறு வாட் குண்டு பல்பைத் தலைமாட்டில் எரியவிட்டு உட்கார்ந்த மாதிரி. பெட்டிகள் படிக்கட்டுக்கு அடியிலோ சாய்ப்பிலோ இருக்கட்டும். பலகையில் இரண்டு அங்குலத்துக்கு ஓர் ஓட்டை போட்டு எச்டிஎம்ஐயும் யூஎஸ்பியும் மேலே எடுங்கள். சாதாரண யூஎஸ்பி 2 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. உங்கள் வீட்டில் மூன்றரை, நான்கு மீட்டரில் முடிந்துவிடும். மேலே ஒரு யூஎஸ்பி ஹப், அதற்குத் தனி அடாப்டர். பென் டிரைவ் மாட்டக் கீழே இறங்க வேண்டியதில்லை. யூபிஎஸ்ஸும் கீழேயே இருக்கும், மானிட்டருக்கு மட்டும் அதிலிருந்து ஒரு லைன் மேலே வரட்டும். மோடமும் கீழேயே இருக்கட்டும்.

அடுத்தது ஓடு. ஓட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கான்கிரீட் தளம் மாதிரி பகல் சூட்டை ராத்திரி வரை பிடித்து வைத்திருக்காது, வெயில் இறங்கினால் தானும் இறங்கிவிடும். நீங்கள் குறித்த 31-ஐப் பாருங்கள். பகலில் ஓட்டிலிருந்து இறங்கும் அனலைத் தடுத்தால் போதும். கழுக்கோலின் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) அடிப்பக்கத்தில் அலுமினியம் பூசிய பபிள் ஷீட் அடியுங்கள். ஓட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவே மூன்று நான்கு அங்குலம் காலியாக இருக்க வேண்டும். ஓட்டோடு ஒட்டினால் பளபளப்பு இருந்தும் பலன் இல்லை. கீழே இறவாரத்திலும் (கூரையின் கீழ் ஓரம்) மேலே முகட்டிலும் அந்த இடைவெளியை அடைக்காதீர்கள், சூடான காற்று அது வழியே ஏறி வெளியே போய்விடும். ஷீட்டின் கீழ்முனை சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. காற்றோடு அடித்து உள்ளே வரும் சாரல் ஷீட்டில் வழிந்து வெளியே போய்விடும், மேசையில் விழாது.

இரண்டு ஜன்னலில் ஒன்றுக்கு மேலே, முகட்டை ஒட்டி, ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன். படி வாசலைத் திறந்து வைத்தால் கீழ்வீட்டுக் குளிர்ந்த காற்று அது வழியே மேலே வரும்.

வெளிச்சத்துக்கு இரண்டு கண்ணாடி ஓடு, வடக்குச் சரிவில் மட்டும். தெற்கில் வைத்தால் வருடத்தில் பாதிக்கு மேல் வெயில் மானிட்டரில் விழும். கடைக்குப் போகும்போது உங்கள் ஓடு ஒன்றைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறிஸ்தவ மிஷன்காரர்கள் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு எத்தனையோ பேர் அந்த ஓட்டைச் செய்தார்கள், ஒவ்வொருவர் அச்சும் ஒரு நூல் முன்னே பின்னே இருக்கும். கொக்கி சரியாகப் பிடிக்கவில்லை என்றால் அந்த இடத்தில் ஒழுகும்.

மஞ்சள் தூள் மரத்தைக் குடைகிற வண்டின் வேலை. ஷீட் அடிக்கும் முன்பே கழுக்கோல், ரீப்பர் (ஓட்டின் கொக்கி மாட்டும் குறுக்குச் சட்டம்) எல்லாவற்றுக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுங்கள். கைக்கு உறை போடாமல் தொடாதீர்கள், தோல் வெந்துவிடும். மரம் கறுத்துப் போகும், வாடையும் கொஞ்ச நாள் இருக்கும். நன்றாகக் காயவிட்டுப் பிறகு ஷீட் அடியுங்கள்.

எலி வயரைக் கடிக்கும். எல்லா கேபிளும் பைப்புக்குள் போகட்டும், ஓட்டையில் மிச்சமிருக்கும் இடத்தைக் கம்பி வலையால் அடைத்துவிடுங்கள்.

சென்னை மாடிவாசி

எங்கள் ஃப்ளாட்டில் லாஃப்டில்தான் சின்ன சர்வரை வைத்திருக்கிறேன், இத்தனை கவனமெல்லாம் தேவைப்படவில்லையே? ஏசி அறைக்குள் இருக்கும் லாஃப்ட் அது. ஏசியே போட்டுவிட்டால் ஒரேயடியாக முடிந்துவிடும் என்று தோன்றுகிறது.

தேங்காய்ப்பட்டணத்துக்காரன்

நண்பரே, உங்கள் லாஃப்ட் அறைக்குள் இருக்கும் இரண்டடி கான்கிரீட் பலகை. மூடிய அறை, அதனால் ஏசி காற்று வெளியே போகாது. இவர் கேட்பது கூரைக்கு நேர் அடியில் ஆள் உட்கார்ந்து வேலை செய்கிற இடம். இரண்டும் வேறு வேறு.

பக்கம் கட்டுபவள்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன்.

உத்திரத்தைத் தட்டிப் பார்த்தேன். மூன்று கணீர். நான்காவது, மேற்குச் சுவர் முனையில், பொத். ஸ்க்ரூ டிரைவர் ஓர் அங்குலம் போய்விட்டது. ஆசாரி வந்து கெட்ட பகுதியை வெட்டி, இரண்டு பக்கமும் அயினிக் கட்டை சேர்த்து போல்ட் போட்டார். சீலிங்காரர் பேச்சைக் கேட்டிருந்தால் இதைப் பார்க்காமலே எல்லாவற்றையும் மேலே ஏற்றியிருப்பேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. அந்த உத்திரத்துக்கு நேர் கீழேதான் அம்மாவின் கட்டில்.

பெட்டிகள் இரண்டும் படிக்கட்டு அடியில். பிரிண்டரும் கீழேதான், தாள் எடுக்க இறங்கி ஏறுகிறேன். வயரிங், ஷீட், ஃபேன், கண்ணாடி ஓடு, ஆசாரி கூலி எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் ஆயிற்று. மே கடைசியில், மழை தொடங்கும் முன், நல்ல வெயில் நாளில் மதியம் 2 மணிக்கு அளந்தேன். 34. மேசை ஃபேன் ஒன்று போதும். காலை ஐந்தரையிலிருந்து பதினொன்று வரை அங்கே அவ்வளவு சுகமாக இருக்கிறது, ஒரு நாளில் நாற்பது பக்கம் முடிக்கிறேன். படி வாசல் காற்றுக்காகத் திறந்தே கிடப்பதால் அம்மா முனகினாலும் எனக்குக் கேட்கிறது. முன்னறையில் உட்கார்ந்திருந்தபோது காதில் ஹெட்போன் போட்டிருப்பேன். இப்போது போடுவதில்லை.

ஒரே தொந்தரவு மரநாய். ராத்திரி ஓட்டின் மேல் திடுதிடுவென்று ஓடுகிறது, போன வாரம் இரண்டு ஓட்டை நகர்த்திவிட்டது. தண்ணீர் ஷீட்டில் வழிந்து வெளியே போனதால் மேசை தப்பியது. இதற்கு என்ன செய்வது?

தேங்காய்ப்பட்டணத்துக்காரன்

வீட்டை ஒட்டிப் பலா நிற்கிறதா? கூரைக்கு ஆறடி தள்ளி நிற்கிற மாதிரி கிளைகளை வெட்டிவிடுங்கள், அது இறங்குவது கிளை வழியேதான். முகட்டு ஓட்டைச் சாந்து வைத்துப் பூசுங்கள். அந்த இரண்டு ஓட்டையும் ரீப்பரோடு சேர்த்துச் செம்புக் கம்பியால் கட்டிவிடுங்கள், அடுத்த மழைக்கு முன்பே.