ஜிடி3 பந்தயம்: கம்பெனி டீமா, கஸ்டமர் டீமா, காசு யாருடையது?

(மூணு ஊர்க்காரங்க பேச்சு, ஊர்ப் பேர்லயே.)

ஹட்டன்: நுவரெலியா மஹகஸ்தோட்ட கார் மலையேற்றப் பந்தயத்துல ஓட்டுறவரும் ஸ்பான்சரும் செலவு பண்றாங்க, அது விளங்குது. ஜிடி3ங்கிறது கார் கம்பெனிகள் விக்கிற பந்தயக் காரை டீம்கள் வாங்கி ஓட்டுற வகுப்பு. அதுல போர்ஷே காரை ஓட்டுற டீம்கள்ல ஒன்னு மான்தை. ஓட்டுறவங்கள்ல ஒருத்தருக்கு சம்பளம் போர்ஷே குடுக்குது. அப்ப இது கம்பெனிக்கு லாபமா, விளம்பரச் செலவா?

நுவரெலியா: ரெண்டும்தான் தம்பி, ஆனா அடிப்படை விற்பனை. மான்தையிலயே 51 வீதம் போர்ஷேக்குச் சொந்தம். போர்ஷேயோட ஜிடி3 காரான 911 ஜிடி3 ஆர் 2022ல வந்தப்ப வரியில்லாம 511,000 யூரோ. லீ மான் 24 மணிநேரப் பந்தயத்துல கம்பெனி டீம்கள் ஓடின பழைய ஜிடிஈ ப்ரோ வகுப்புல செலவு முழுக்க கம்பெனி தலையில விழுந்துச்சு. கம்பெனிகள் ஒவ்வொன்னா விலக, 2022ஓட அது முடிஞ்சுது. லீ மான்ல 2024லிருந்து ஜிடி3 கார்களுக்கான எல்எம்ஜிடி3 வகுப்புதான்.

ஜிடி3 தாங்குறதுக்குக் காரணம் சமநிலை விதி. வேகமான காருக்கு எடை கூட்டுவாங்க, பவரைக் குறைப்பாங்க. கோடி கொட்டி காரை வளர்த்தாலும் அந்த வேகத்தை விதி திருப்பி எடுத்துரும். அதனாலதான் தனியார் டீம் அதே காரை வாங்கி ஜெயிக்க முடியுது.

பண்டாரவளை: கார் விலை வாசல்படி மட்டும்தான். எஞ்சினும் கியர்பாக்ஸும் கிலோமீட்டர், மணிக்கணக்குப்படி பிரிச்சுக் கட்டணும். டெஸ்ட் ஓட்டத்தையும் அதுல சேர்த்து முதல் நாளே எழுதுங்க. காரை விக்கிறப்ப வாங்குறவர் முதல்ல கேக்கிறது அந்தக் கணக்கைத்தான். முன்பக்கம் ஒரு இடி வாங்கினா கார்பன் பம்பர், ஸ்ப்ளிட்டர், ரேடியேட்டர் சேர்ந்தே போகும். கம்பெனி லொறி பந்தயத் திடலுக்கே வந்து உதிரிப்பாகம் விக்கும். கார் வித்த பிறகும் வருசா வருசம் வருமானம் வர்றது அதுலதான்.

ஹட்டன்: அப்ப டீமுக்குக் காசு எங்கண்ணே?

பண்டாரவளை: எல்எம்ஜிடி3ல ஒவ்வொரு காருக்கும் ஒரு வெண்கலத் தர (ப்ரொன்ஸ்) சாரதி, அதாவது அமெச்சூர் சாரதி, கட்டாயம். பெரும்பாலும் அவர்தான் பில்லைக் கட்டுறார். இதுல பாதிக்கப்படுறது கையில காசில்லாத இளம் சாரதி. நல்லா ஓட்டினா அடுத்த தரமான சில்வர் ஆயிடுவான், அதோட வெண்கல இடம் போச்சு. கம்பெனி ஒப்பந்தம் கிடைக்கிற அளவு வேகமும் வேணும். ரெண்டுக்கும் நடுவுல சிக்கி நிக்கிற திறமைசாலிகளைப் பார்த்தா மனசு கஷ்டமாயிருக்கு.

நுவரெலியா: இங்கிருந்து யாராவது போறதா இருந்தா கார் வாங்கவே வேணாம். ஜிடி3க்குக் கீழ உள்ள ஜிடி4 வகுப்புலயோ ஒரே மாடல் கார் ஓடுற கப்லயோ ஓட்டுற இடத்தை வாடகைக்கு எடுங்க, கார் மலேசியாவுல செபாங் பந்தயத் திடல் பக்கமே இருக்கட்டும். ஒப்பந்தத்துல டயர் எத்தனை செட், டெஸ்ட் எத்தனை நாள், இடிச்சா உச்ச பொறுப்பு எவ்வளவுன்னு எழுத்துல வாங்குங்க. மலிவா தெரியிற விலையில இந்த மூணும் சேர்ந்திருக்காது.