புதுப்பிப்பு: டிரினிடாட் போக மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டுமா?

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "ஊசி போட்டதற்கான சான்று அட்டையை அங்கே கேட்க மாட்டார்கள், சென்னைக்குத் திரும்பும்போதுதான் கேட்பார்கள்" என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் அப்படியே நடந்தது.

ஊசியைச் சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட் என்ற அரசு மருத்துவ நிறுவனத்தில் போட்டேன். பழைய பாஸ்போர்ட்டின் நகலைக் கொண்டுபோனது என் முட்டாள்தனம். அட்டையில் பாஸ்போர்ட் எண்ணை எழுதுவார்கள் என்பதால் வீட்டுக்கு ஓடிப்போய் புதியதை எடுத்துவர வேண்டியதாயிற்று. போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அட்டை செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். மறுநாள் லேசான காய்ச்சல், கை வலி, அவ்வளவுதான். முட்டை அலர்ஜி இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

டிரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் யாரும் அட்டையைப் பார்க்கவில்லை. சென்னையில் இறங்கியதும் முதல் கேள்வியே அதுதான். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடலாம்.

எதிர்பாராதது கொசு. இரவுக்கென்று வலையைச் சுமந்து போனேன், கடி வாங்கியதெல்லாம் பகலில்! டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில்தான் கடிக்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது. டீட் என்ற கொசு விரட்டி மருந்து கலந்த களிம்பும் முழுக்கைச் சட்டையும்தான் உதவின.

அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், 2016-லிருந்து அது ஆயுள் முழுக்கச் செல்லும்.